சீரத்தில் டி3 சரியாக இருந்தும் 4 டிகிரியில் சுண்டெலி தாக்குப்பிடிக்காதது ஏன்?

குளிரறை:

தைராய்டு குறைக்கப்பட்ட சுண்டெலிகளின் குளிர்தாங்கும் சோதனையில் ஒரு முடிச்சு அவிழவில்லை.

விலங்கு: சி57பிஎல்/6 ஆண், 10 வார வயது, 22 டிகிரி செல்சியஸ் அறை, 12 மணி நேர வெளிச்சம். தைராய்டை அடக்கக் குடிநீரில் 0.05% மெதிமசோல், 1% சோடியம் பெர்குளோரேட், கசப்பு தெரியாமலிருக்க 0.3% சாக்கரின். மொத்தம் நான்கு வாரம். கடைசி ஏழு நாள் அந்த நீரை நிறுத்தாமலே மூன்று பிரிவாகப் பிரித்தது: ஒன்றுக்கு வெறும் கரைப்பான், ஒன்றுக்கு டி4, அதாவது தைராக்சின், கிராம் எடைக்கு 20 நானோகிராம், ஒன்றுக்கு டி3, அதாவது ட்ரைஅயோடோதைரோனின் என்ற மற்றத் தைராய்டு ஹார்மோன், கிராமுக்கு 3 நானோகிராம். எல்லாம் தோலுக்கடியில், காலையில் ஒரே ஊசி. எட்டாம் நாள் 4 டிகிரி அறையில் ஆறு மணி நேரம்.

டி4 பிரிவு இயல்பான எலிகளைப்போலத் தாக்குப்பிடிக்கிறது. டி3 பிரிவின் உடல் வெப்பம், ஹார்மோனே தராத பிரிவைப்போல இறங்குகிறது. கொஞ்சம் மெதுவாக இறங்குகிறது, அவ்வளவுதான். ஆனால் டி3 பிரிவின் சீரத்தில் டி3 இயல்பான அளவில் இருக்கிறது. பழுப்புக் கொழுப்பின், அதாவது உடலுக்குச் சூடு தரும் கொழுப்புத் திசுவின், வெஸ்டர்ன் பிளாட்டில் (புரத அளவைக் காட்டும் சோதனை) வெப்பம் உண்டாக்கும் யுசிபி-1 புரதத்தின் பட்டையும் மோசமில்லை.

செயல்படும் ஹார்மோன் டி3தானே? அப்படியிருக்க டி4 தந்த எலி பிழைக்கிறது, டி3 தந்த எலி பிழைக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? டி3 அளவைக் கூட்டிப் பார்க்கலாமா? அடுத்து நார்அட்ரினலின் ஊசி போட்டு ஆக்சிஜன் நுகர்வை அளக்கலாம் என்றிருக்கிறது. ஐசோஃப்ளூரேன் மயக்கத்தில், 22 டிகிரியில், கிலோவுக்கு 1 மி.கி. என்று திட்டம். சரிதானா?

---

பழுப்புத்திசு:

செயல்படுவது டி3தான். எங்கே உண்டான டி3 என்பதைத்தான் கேட்க வேண்டும். தெருவிளக்கு எரிகிறது என்பதற்காக வீட்டுக்குள் வெளிச்சம் இருக்கிறது என்று ஆகாது. சீரத்தில் பார்ப்பது தெருவிளக்கு.

பழுப்புக் கொழுப்பு தன் டி3யை ரத்தத்திலிருந்து மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. டி4ஐ உள்ளே வாங்கி, அதன் வெளி வளையத்திலிருந்து ஓர் அயோடினைக் கழற்றித் தானே டி3 ஆக்கிக்கொள்கிறது. இந்த வேலையைச் செய்யும் நொதி இரண்டாம் வகை டீஅயோடினேஸ். சில்வாவும் லார்சனும் 1983இல் காட்டியது இதைத்தான்: பரிவு நரம்பு தூண்டப்பட்டால் எலியின் பழுப்புக் கொழுப்பில் இந்த நொதி சில மணி நேரத்திலேயே பல மடங்கு கூடுகிறது. குளிர் பட்டால் அந்தத் திசுவின் செல்கருவிலுள்ள டி3 ஏற்பிகள் ஏறக்குறைய முழுவதும் நிரம்பிவிடுகின்றன. ரத்தத்தில் டி3 அந்த அளவுக்கு ஏறுவதே இல்லை.

உங்கள் சோதனை கிட்டத்தட்ட பியாங்கோவும் சில்வாவும் 1987இல் எலியில் செய்ததன் சுண்டெலி வடிவம். அவர்களுக்கும் இதே விடைதான் கிடைத்தது. ரத்த அளவை மட்டும் சரிசெய்யும் டி3 பழுப்புக் கொழுப்பின் வெப்பத்தை மீட்கவில்லை, டி4 மீட்டது. டி4 தந்துவிட்டு அயோபனோயிக் அமிலத்தால் டீஅயோடினேஸை அடைத்தால் டி4ஐக் கொண்டும் பயனில்லை. ஆக, உங்கள் முடிவில் பிழை ஒன்றுமில்லை. விளக்கத்தில்தான் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது.

அந்தப் படி எங்கே பொருந்துகிறது என்பதற்கு முழுச் சங்கிலியையும் பார்க்க வேண்டும். தோலில் குளிர் உணரப்பட்டதும் தகவல் ஹைப்போதலாமஸின் முன்பகுதிக்குப் போகிறது. அங்கிருந்து மூளைத்தண்டின் ராஃபே பகுதி, தண்டுவடம், பரிவு நரம்பு என்று இறங்கி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவிலுள்ள பழுப்புக் கொழுப்பில் நார்அட்ரினலினாகக் கொட்டுகிறது. அது பீட்டா-3 ஏற்பியில் ஒட்டுகிறது. செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி ஏறுகிறது. புரதக் கைனேஸ்-ஏ விழிக்கிறது. கொழுப்புத்துளி உடைந்து கொழுப்பமிலம் வெளிவருகிறது. அந்தக் கொழுப்பமிலம் எரிபொருள் மட்டுமல்ல, யுசிபி-1ஐத் திறக்கும் சாவியும் அதுதான். மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் யுசிபி-1 திறந்ததும் புரோட்டான்கள் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் செய்யாமலே திரும்பி ஓடுகின்றன, ஆற்றல் வெப்பமாகிறது.

டி3 இதில் இரண்டு இடத்தில் நுழைகிறது. யுசிபி-1 மரபணுவை எழுத வைப்பது ஒன்று. நார்அட்ரினலின் தட்டும்போது சைக்ளிக் ஏஎம்பி போதிய அளவு ஏற வைப்பது மற்றது. எல்லோரும் முதலாவதையே பேசுவார்கள். குளிர் அறையில் எலியைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். 2001இல் ரிபெய்ரோ குழு தைராய்டு குறைந்த சுண்டெலிகளுக்கு ஜிசி-1 என்ற, டி3 பீட்டா ஏற்பியை மட்டும் தூண்டும் மருந்தைக் கொடுத்தது. யுசிபி-1 மீண்டது, நார்அட்ரினலினுக்கான வெப்ப எதிர்வினை மீளவில்லை. பட்டை நன்றாக வந்திருக்கிறது, சூடு வரவில்லை என்ற உங்கள் நிலையும் அதுவே.

டி3 அளவைக் கூட்ட வேண்டாம். கூட்டினால் எலி பிழைக்கும், அது உண்மை. ஆனால் திசுவுக்குள் போதிய டி3 சேர ரத்தத்தில் இயல்பைவிடப் பல மடங்கு ஏற்ற வேண்டியிருக்கும். அப்போது இதயத்துடிப்பு, தீனி, தசையின் செலவு எல்லாம் சேர்ந்து ஏறும். அது ஹைப்பர்தைராய்டு எலி. உங்கள் கேள்விக்கு அதில் விடை இல்லை.

டி4ஐயும் இஷ்டத்துக்கு ஏற்றக் கூடாது. இரண்டாம் வகை டீஅயோடினேஸ் தன் மூலப்பொருளாலேயே அழிக்கப்படும் நொதி. டி4 அதிகமாக வந்தால் அதன்மீது யுபிக்விட்டின் ஒட்டி, செல் அதைக் குப்பைக்கு அனுப்பிவிடும். தைராய்டு குறைந்த எலியின் பழுப்புக் கொழுப்பில் இந்த நொதி ஏற்கெனவே உச்சத்தில் இருப்பதற்கும் இதுதான் காரணம். அதனால்தான் சிறிய அளவு டி4 அங்கே அவ்வளவு வேலை செய்கிறது.

ஒரு பாராட்டு: மெதிமசோலைத் தேர்ந்தது நல்லது. புரோப்பைல்தையோயுராசில் தைராய்டைத் தடுப்பதோடு கல்லீரலிலுள்ள முதல் வகை டீஅயோடினேஸையும் தடுத்துவிடும், இரண்டாம் வகையைத் தொடாது. இந்த வேறுபாட்டை வேண்டுமென்றே பயன்படுத்த நினைத்தால் அது கருவி. தெரியாமல் பயன்படுத்தினால் டி4 பிரிவின் சீர டி3 காரணம் புரியாமல் குறையும்.

ஒரு கேள்வி: சீரத்துக்கு ரத்தம் எடுத்தது ஊசிக்குப் பிறகு எத்தனை மணி நேரத்தில்?

---

குளிரறை:

ஊசி போட்டு இரண்டு மணி நேரம் கழித்து. குளிர் சோதனை மறுநாள் காலை, அன்றைய ஊசிக்கு முன்பு.

---

பழுப்புத்திசு:

அப்படியானால் இரண்டு பிழைகள் ஒன்றின்மேல் ஒன்று. மனிதரில் டி4இன் அரை ஆயுள் சுமார் 7 நாள், டி3க்கு சுமார் ஒரு நாள். எலி, சுண்டெலியில் இவை மிகக் குறுகியவை. டி4கூட ஒரு நாளுக்குள் பாதியாகிவிடும், டி3 அதற்கும் முந்தி. நீங்கள் அளந்தது மலையுச்சி, சோதனை நடந்தது பள்ளத்தாக்கில். டி3 பிரிவு குளிர் அறைக்குள் போனபோது சீரத்திலும் இயல்பாக இருந்திருக்காது.

ஆகவே உங்கள் முடிவு, திசு தானே டி3 செய்ய வேண்டும் என்பதற்கான சான்றாக இப்போதைக்கு நிற்காது. கருத்து சரி, இந்தச் சோதனை அதை நிரூபிக்கவில்லை. டி3ஐ இரண்டு அல்லது மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள், அல்லது தோலடிப் பம்ப் வையுங்கள். குளிர் அறைக்குள் போவதற்குச் சற்று முன் தாடையோரமாகவோ வாலிலிருந்தோ ஒரு சொட்டு எடுத்து அந்த நேரத்து அளவைப் பதியுங்கள். அதற்குப் பிறகும் டி3 பிரிவு இறங்கினால்தான் வாதம் முழுமை பெறும்.

---

அரைமில்லி:

நார்அட்ரினலின் சோதனைத் திட்டத்தில் மூன்று இடங்கள் தப்பு. ஒவ்வொன்றும் தனித்தனியே முடிவைக் கெடுக்கப் போதுமானது.

முதலில் ஐசோஃப்ளூரேன். ஹாலோத்தேன், ஐசோஃப்ளூரேன் போன்ற ஆவி மயக்கமருந்துகள் பழுப்புக் கொழுப்பின் வெப்ப உற்பத்தியையே அடக்கிவிடும். எல்லாப் பிரிவும் தட்டையாக வரும், நீங்கள் ஹார்மோனைக் குறை சொல்வீர்கள். பென்டோபார்பிட்டால் அந்தத் தொல்லை தராது. சுண்டெலிக்கு வயிற்றறையில் கிலோவுக்கு 70 முதல் 90 மி.கி. வரை பயன்படுத்துகிறார்கள். உங்கள் கையிருப்பின் வீரியத்தையும், விலங்குநெறிக் குழு அனுமதித்த அளவையும் பார்த்து முடிவு செய்யுங்கள். மயங்கிய எலி தன் வெப்பத்தைக் காத்துக்கொள்ளாது. எனவே அறையை 33 டிகிரியில் வைக்க வேண்டும்.

மயக்காமலும் செய்யலாம், 30 டிகிரியில். ஆனால் ஊசி குத்திய பதற்றத்தில் எலி ஓடும். அந்த ஓட்டமும் ஆக்சிஜன் கணக்கில் சேரும். உப்புநீர் மட்டும் குத்திய ஓட்டம் ஒன்று தனியாக வேண்டும். குளிருக்குப் பழகிய எலியை விழிப்பிலேயே 30 டிகிரியில் வைத்து முழு அளவு ஊசி போட்டால் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு ஏறும். வெப்பமானி இல்லாமல் அதைச் செய்யாதீர்கள்.

இரண்டாவது, 22 டிகிரி. சுண்டெலியின் வெப்பச் சமநிலை மண்டலம் சுமார் 30 டிகிரி. 22இல் அது ஏற்கெனவே கணப்பை மூட்டியாயிற்று. ஆக்சிஜன் செலவு 30 டிகிரியில் இருப்பதைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு. அந்த நிலையில் நார்அட்ரினலின் கொடுத்தால், நரம்பு ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலையை ஊசி எடுத்துக்கொள்ளும். மொத்தம் கொஞ்சம்தான் ஏறும். நல்ல எலிக்கும் கெட்ட எலிக்கும் வித்தியாசம் தெரியாது.

மூன்றாவது, உப்பின் எடை. குப்பியில் இருப்பது பெரும்பாலும் நார்அட்ரினலின் பைடார்ட்ரேட் ஒற்றை நீரேறி. மூலக்கூற்று எடை 337.3. வெறும் நார்அட்ரினலின் 169.2. கிலோவுக்கு 1 மி.கி. என்று எழுதும்போது அது மூலப்பொருளின் எடையா உப்பின் எடையா என்று சொல்லாத கட்டுரைகள் ஏராளம். உப்பாக 1 மி.கி. எடை போட்டால் பாதி மருந்துதான் போகும். மூலப்பொருளாக 1 மி.கி. வேண்டுமென்றால் உப்பு 2 மி.கி. எடுங்கள்.

கலக்கும் முறை: 0.9% உப்புநீரில், மி.லி.க்கு 0.1 மி.கி. மூலப்பொருள் வரும்படி. அதாவது 10 மி.லி.க்கு 2 மி.கி. உப்பு. 30 கிராம் எலிக்கு 0.3 மி.லி. தோலடியில், முதுகின் கீழ்ப்பக்கம். தோள்பட்டைக்கு நடுவே குத்தக் கூடாது. அங்கே நேரே பழுப்புக் கொழுப்பின் மேலேயே மருந்து விழும், எலிக்கு எலி அளவு மாறும். கரைசலைப் பனிக்கட்டியில், ஒளி படாமல் அலுமினியத் தாள் சுற்றி, அன்றன்றே செய்யுங்கள். இளஞ்சிவப்பு அல்லது பழுப்பு நிறம் தட்டினால் ஆக்சிஜனேற்றம் ஆகிவிட்டது, கொட்டிவிடுங்கள். நிறம் மாறாதது முழு வீரியத்துக்கு உத்தரவாதமல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

அளவீடு: மயங்கிய எலியை அறையில் வைத்து ஆக்சிஜன் கோடு படியும்வரை பொறுங்கள். கோடு இன்னும் சரிந்துகொண்டிருக்கும்போதே ஊசி போடுவதுதான் அடிக்கடி நடக்கும் அவசரம். ஊசிக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஓடட்டும், உச்சம் பெரும்பாலும் முதல் அரைமணிக்குள் வந்துவிடும். கோடு ஏறவே இல்லையென்றால் ஹார்மோன் விளக்கத்துக்குத் தாவும் முன் மலக்குடல் வெப்பத்தைப் பாருங்கள். எலி மயக்கத்தில் 34க்கு இறங்கியிருந்தால் அந்த ஓட்டத்தைத் தள்ளிவிடுங்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. 30 டிகிரியிலேயே வளர்ந்த, பழுப்புக் கொழுப்பு சுருங்கிப்போன எலியும் நார்அட்ரினலினுக்குக் கொஞ்சம் ஏறும். யுசிபி-1 இல்லாத எலியும் அப்படியே ஏறும். அந்த ஏற்றம் உடல் முழுக்க உள்ள மற்றத் திசுக்களின் பதில். குளிரில் மூன்று நான்கு வாரம் பழகிய எலியின் ஏற்றத்திலிருந்து அதைக் கழித்த மிச்சம்தான் குளிரால் சேர்ந்த வெப்பத்திறன். ஒரே நிலையில் வளர்ந்த எலியில் ஓர் ஊசி போட்டு "இவ்வளவு பழுப்புக் கொழுப்பு" என்று எழுத முடியாது.

சுண்டெலி அல்லாத காட்டுக் கொறித்துண்ணிகளுக்கு ஹெல்ட்மையர் 1971இல் தந்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் உள்ளது: கிலோவுக்கு மி.கி. கணக்கில் அளவு = 6.6 × எடையின் (கிராமில்) −0.458 அடுக்கு. 30 கிராமுக்கு ஏறக்குறைய 1.4 வரும், 100 கிராமுக்கு 0.8. சின்ன உடலுக்கு விகிதத்தில் கூடுதல் மருந்து வேண்டும் என்பது இதிலேயே தெரிகிறது.

---

வால்நுனி:

மேலே இருவரும் சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் உடல் வெப்பநிலை என்பது வரவுக்கும் செலவுக்கும் உள்ள மிச்சம். எல்லோரும் வரவையே பார்க்கிறார்கள். எலி குளிர்ந்துபோனால் கணப்பு எரியவில்லை என்று உடனே எழுதிவிடக் கூடாது, சன்னல் திறந்திருக்கலாம்.

சுண்டெலிக்கு அந்தச் சன்னல் வால். முடியில்லாத தோல், நிறைய ரத்தக்குழாய். குளிரில் அது இறுகச் சுருங்க வேண்டும். டி3 ஆல்ஃபா-1 ஏற்பி பழுதான சுண்டெலிகளில் வார்னர் குழு 2013இல் கண்டது இது: வால் குழாய்கள் சரியாகச் சுருங்குவதில்லை, வெப்பம் ஒழுகுகிறது, அதை ஈடுகட்டவே பழுப்புக் கொழுப்பு ஓயாமல் எரிகிறது. குழாயைச் சுருக்கும் மருந்து கொடுத்ததும் பழுப்புக் கொழுப்பின் வேகம் தணிந்தது. பழுப்புக் கொழுப்பை மட்டும் பார்த்தவர் அந்த எலியை "ஹார்மோன் தூண்டிய வெப்ப எலி" என்றுதான் எழுதியிருப்பார்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். டி4 அதிகம் கொடுத்த சுண்டெலிகளில் வெள்ளைக் கொழுப்பு பழுப்பாகிறது, யுசிபி-1 ஏறுகிறது, உடலும் சுடுகிறது. மூன்றையும் கோத்து ஒரு கதை சொல்லத் தோன்றும். ஆனால் யுசிபி-1 இல்லாத சுண்டெலிக்கு 30 டிகிரியில் டி4 கொடுத்தாலும் வெப்பச் செலவும் உடல் வெப்பமும் ஏறுகின்றன; 2019இல் டிட்னர் குழு காட்டியது. அந்தச் சூடு வேறெங்கிருந்தோ வருகிறது.

எனவே குளிர் அறையில் வெப்பமானி மட்டும் போதாது. ஆக்சிஜன் நுகர்வையும் கரியமில வாயுவையும் கூடவே அளந்து, வெயர் சமன்பாட்டில் போடுங்கள்: மணிக்கு லிட்டரில் ஆக்சிஜன் × 3.941, கரியமில வாயு × 1.106, இரண்டையும் கூட்டினால் மணிக்குக் கிலோகலோரி. வெப்பநிலை இறங்குகிறது, செலவும் குறைவு என்றால் கணப்பில் கோளாறு. வெப்பநிலை இறங்குகிறது, செலவு மட்டும் இயல்பு அல்லது கூடுதல் என்றால் ஒழுக்கு. இந்தச் செலவை எடையால் வகுத்துத் தராதீர்கள். தைராய்டு குறைந்த எலியின் எடையும் உடற்கூறும் மாறியிருக்கும், வகுத்ததுமே இல்லாத வித்தியாசம் முளைக்கும். எடையைத் துணைமாறியாக வைத்து இணைமாறுபாட்டுப் பகுப்பாய்வு செய்யுங்கள்.

வெப்பப்படக் கருவியால் தோள்பட்டையைப் படமெடுப்பவர்களுக்கும் ஒரு சொல். முடிமேல் தெரியும் வெப்பம் பழுப்புக் கொழுப்பின் வெப்பமல்ல. மழித்தாலும் அந்த இடம் சூடாகத் தெரிவதற்குத் தோலின் ரத்த ஓட்டமும் காரணமாகலாம். மழிப்பதே ஒரு சன்னலைத் திறந்துவிடுகிற வேலைதான், எல்லாப் பிரிவுக்கும் ஒரே அளவு மழியுங்கள், ஒரு நாள் விடுங்கள்.

---

பழுப்புத்திசு:

ஒழுக்கு என்ற கோணம் ஏற்க வேண்டியது. நான் அதை விட்டுவிட்டேன். ஆனால் இந்தச் சோதனையில் டி4 பிரிவு தாக்குப்பிடித்தது, அதே எலி, அதே வால். ஒழுக்குதான் முதன்மைக் காரணம் என்றால் டி4 அதையும் அடைத்தது என்று சொல்ல வேண்டும். சாத்தியம்தான், அளக்காமல் தள்ள முடியாது.

நடுக்கத்தையும் கணக்கில் எடுங்கள். இரண்டாம் வகை டீஅயோடினேஸ் நீக்கப்பட்ட சுண்டெலி 4 டிகிரியில் உடல் வெப்பத்தை இழக்கிறது, ஆனால் செத்துவிடுவதில்லை. நடுங்கியே சமாளிக்கிறது, எடை கொட்டுகிறது (டி ஜீசஸ் குழு, 2001). யுசிபி-1 இல்லாத எலியை 18 டிகிரியில் சில வாரம் பழக்கிவிட்டு 4க்கு இறக்கினால் அதுவும் நடுங்கியே வாழ்கிறது. நேரே இறக்கினால் தாங்காது. உங்கள் டி3 பிரிவு "கொஞ்சம் மெதுவாக" இறங்கியதற்குத் தசைக்குக் கிடைத்த டி3 காரணமாக இருக்கலாம். தசை மின்பதிவு வைக்க முடியாவிட்டால், குறைந்தபட்சம் எலி நடுங்குகிறதா என்று ஒவ்வோர் அளவீட்டிலும் கண்ணால் பார்த்து எழுதுங்கள்.

யுசிபி-1 பட்டை பற்றி: நீங்கள் பார்ப்பது 10 மைக்ரோகிராம் புரதத்தில் எவ்வளவு என்பது. எலியை நடுங்காமல் சூடேற்றுவது பழுப்புக் கொழுப்பின் மொத்தத் திண்டில் எவ்வளவு என்பது. தைராய்டு குறைந்த எலியின் திண்டு கொழுப்பேறி வெளிறி, மொத்தப் புரதம் மாறியிருக்கும். இரண்டு மடலையும் முழுதாக வெட்டி, ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைக் கொழுப்பையும் தசையையும் நீக்கி, எடை போட்டு, முழுவதையும் அரைத்து மொத்தப் புரதம் கணக்கிட்டு, பட்டையின் அளவை அதனால் பெருக்குங்கள். ஆர்என்ஏ அளவை நம்பவே வேண்டாம். குளிர் பட்ட சில மணி நேரத்தில் அது எகிறும். புரதம் நாட்கணக்கில்தான் சேரும், நாட்கணக்கில்தான் தேயும்.

---

மூஞ்சூறு:

இந்த உரையாடலில் தைராய்டும் நார்அட்ரினலினும்தான் ஓடுகின்றன, அது சரியே. ஆனால் எலியை இறக்கிவிடும் மற்ற ஹார்மோன்களைச் சோதனைத் திட்டம் கவனிக்காமல் விட்டால் அவை வந்து நிற்கும்.

பட்டினி போடாதீர்கள். தீனியை எடுத்துவிட்டால் லெப்டின் இறங்கும், சில மணி நேரத்தில் சுண்டெலி டார்ப்பர் என்னும் தற்காலிகக் குளிருறக்கத்துக்குள் நழுவும். உடல் வெப்பம் 31க்குக் கீழே தானாகவே போகும். அதைப் பார்த்துக் குளிர்தாங்கவில்லை என்று எழுதினால் தவறு. அது இறங்கியது இயலாமையால் அல்ல, சிக்கனத்துக்காக. லெப்டின் இல்லாத ஓபி/ஓபி எலி சாதாரண அறையிலும் குளிர்ந்தே கிடக்கும். பால் கொடுக்கும் தாயையும் சேர்க்காதீர்கள். பால் சுரப்பதே போதிய வெப்பம் தருவதால் பாலூட்டும் காலத்தில் பழுப்புக் கொழுப்பு அடங்கிக் கிடக்கும். கார்ட்டிகோஸ்டிரோனும் அப்படியே அடக்கும். எலியை அடிக்கடி பிடித்து இழுத்தால் அது ஏறும். அதே இழுப்பு மலக்குடல் வெப்பத்தை ஒரு டிகிரிவரை ஏற்றியும் காட்டும். சோதனைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே கையில் பிடித்து, நுனியில் எண்ணெய் தடவிய உணர்கம்பியைப் பொய்யாக வைத்துப் பழக்குங்கள். ஆழம் எப்போதும் 2 செ.மீ., கம்பியில் ஒரு வளையம் போட்டுக் குறித்துவிடுங்கள். ஒரு நாள் 1 செ.மீ., மறுநாள் 2 செ.மீ. என்று போனால் ஹார்மோனே தேவையில்லை, வித்தியாசம் தானாக வரும். முடிந்தால் வயிற்றறையில் டெலிமெட்ரி, அதாவது வெப்பத்தை வானலையில் அனுப்பும் கருவி, வைத்தபின் ஒரு வாரம் ஆறவிடுங்கள்.

சைபீரிய ஹாம்ஸ்டருக்குப் போனால் கணக்கே மாறும். அங்கே குளிர் வேண்டாம், பகல் குறைந்தாலே போதும். இரவு நீண்டால் மெலடோனின் சுரக்கும் நேரம் நீளும். 8 மணி நேர வெளிச்சத்தில் சில வாரம் வைத்தாலே நடுங்காத வெப்பத்திறன் ஏறும், எடை இறங்கும். அதே குறும்பகலில் ஹைப்போதலாமஸின் டேனிசைட் செல்கள் டி3யைச் சிதைக்கும் மூன்றாம் வகை டீஅயோடினேஸைக் கூட்டி, மூளைக்குள் டி3யைக் குறைக்கின்றன. அந்த இடத்தில் டி3 துணுக்கு ஒன்றைப் பதித்தால் தினசரி டார்ப்பர் நின்றுவிடுகிறது. ஒரே விலங்கு, ஒரே பருவம்: மூளையில் டி3 குறைந்து சிக்கனம், முதுகில் பழுப்புக் கொழுப்பு கொழுத்து ஆயத்தம். இங்கே சீர டி3யை அளந்து எதையும் சொல்லிவிட முடியுமா, யோசியுங்கள்.

---

குளிரறை:

நன்றி. டி3ஐ இரு வேளையாக, டி4ஐயும் ஒப்புமைக்காக இரு வேளையாகக் கொடுக்கிறேன். நார்அட்ரினலின் 33 டிகிரியில், பென்டோபார்பிட்டாலுடன். டி4 கரைசலில் மட்டும் ஒரு சந்தேகம்: உப்புநீரில் நேராகப் போட்டுக் குலுக்கினால் மெல்லிய வெண்துகள் மிதக்கிறது. சூடாக்கலாமா?

---

அரைமில்லி:

சூடாக்க வேண்டாம், அது கரையவே இல்லை. நடுநிலை நீரில் டி4 மிகச் சொற்பமே கரையும். துகளோடு குத்தினால் ஓர் எலிக்கு ஒன்றுமில்லை, அடுத்த எலிக்கு மூன்று பங்கு.

காரத்தில் தொடங்குங்கள். 40 மில்லிமோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் மி.லி.க்கு 1 மி.கி. டி4, தெளியும்வரை சுழற்றுங்கள். இது தாய்க்கரைசல். சிறு குழாய்களில் பிரித்து, தாள் சுற்றி, மைனஸ் 20இல் வையுங்கள், உருக்கியதை மறுபடி உறைய வைக்காதீர்கள். குப்பியில் சோடியம் உப்பு ஐந்து நீரேறி என்றிருந்தால் எடையை 1.14ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், 888.9 எங்கே, 776.9 எங்கே.

ஊசி நாளில் 0.1% மாட்டு ஆல்புமின் கலந்த உப்புநீரில் 500க்கு 1 நீர்த்தால் மி.லி.க்கு 2 மைக்ரோகிராம். கிராம் எடைக்கு 5 மைக்ரோலிட்டர் போட்டால் 10 நானோகிராம், இரு வேளைக்கு 20. ஆல்புமினை விட்டால் பிளாஸ்டிக் குழாயிலும் ஊசியிலும் டி4 ஒட்டிக்கொள்ளும், எலிக்குப் போவது குறையும். டி3க்கும் இதே கரைப்பான், கட்டுப்பாட்டுப் பிரிவுக்கும் ஹார்மோன் இல்லாமல் இதே கரைப்பான். வெறும் உப்புநீர் கொடுத்துவிடாதீர்கள்.

பம்பில் வைப்பதானால் இந்த நீர்த்த கரைசல் உதவாது. மணிக்கு 0.25 மைக்ரோலிட்டர் விடும் 14 நாள் பம்ப் ஒரு நாளில் 6 மைக்ரோலிட்டர்தான் தரும். 25 கிராம் எலிக்கு நாளுக்கு 500 நானோகிராம் போக வேண்டுமென்றால் மைக்ரோலிட்டருக்கு 83 நானோகிராம் தேவை. அந்தச் செறிவை நடுநிலைக்குக் கொண்டுவந்தால் பம்புக்குள்ளேயே படிந்துவிடும், காரமாகவே விட வேண்டியிருக்கும். நிரப்பிய பம்பை 37 டிகிரி உப்புநீரில் ஓர் இரவு வைத்து, மறுநாள் எடுத்துப் பாருங்கள். நுனியில் வெள்ளையாக ஏதாவது தட்டுப்பட்டால் அந்தப் பம்பை எலிக்குள் வைக்காதீர்கள்.